ஓடுதளமும் பட்டாவும்

சென்னையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போகிற பஸ் உளுந்தூர்பேட்டையில் சேலம் ரோட்டுக்குத் திரும்பும். பதினைந்து வருஷமாக அந்த வழியில் போய்வந்தும், அங்கே இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானதளம் ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. லாக்டவுனில் ஊரில் உட்கார்ந்து வேலை பார்த்த நாட்களில், மேப்பில் வேறெதையோ தேடும்போது, வயல்களுக்கு நடுவே ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரு கோடு கண்ணில் பட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையே பைக்கை எடுத்தேன்.

நேரில் பார்க்கப் பிரமாதமாக ஒன்றுமில்லை. வெடித்த தளம், விரிசலெல்லாம் புல், நாலைந்து ஆடு. மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"இது யாரு எடங்கய்யா?"

"கெவுருமெண்டு எடம் தம்பி."

"அதுக்கு முன்னாடி?"

என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்கு முன்னாடி நெலம்."

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன். ஏப்ரல் 5 கொழும்பில் குண்டு, மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9ஆம் தேதி திருகோணமலையில். மெட்ராஸில் பாதி ஊர் மூட்டை கட்டிவிட்டது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சிசாலை விலங்குகளைச் சுட்டே கொன்றார்கள். அந்தப் பயத்தின் வருஷங்களில் எழுந்தவைதான் சோழவரம், அரக்கோணம், சூலூர், கயத்தாறு, செட்டிநாடு, உளுந்தூர்பேட்டை என்று நீளும் தளங்கள். போர் முடிந்தபின் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதி. சோழவரத்தில் கார் பந்தயம் நடந்தது. தஞ்சாவூர் தளத்தில் 2020இல் சுகோய் அணியே வந்து இறங்கியது. உளுந்தூர்பேட்டை சும்மா கிடந்தது.

அவசரத்துக்கு நிலத்தை எடுத்தது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஜப்பான் கப்பல் வங்கக் கடலில் நிற்கும்போது, ஒவ்வொரு பட்டாதாரரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்க முடியாது. என் கேள்வி வேறு. எடுத்ததற்கான காரணம் செத்துப்போனால், எடுத்த உரிமையும் கூடவே சாகுமா?

எங்கள் தொழிலில் 'லாக்' என்று ஒன்று உண்டு. ஒரு ப்ராசஸ் ஒரு டேட்டாவைத் தொடும்போது மற்றவர்கள் தொடாதபடி பூட்டிவைக்கும். வேலை முடிந்ததும் விட வேண்டும். விடுவதற்குள் அது செத்துப்போனால்? அதற்காகவே பூட்டுக்கு ஒரு கெடு வைப்போம். கெடு வைக்காத ஜூனியர் பையனைக் கோட் ரிவ்யூவில் வறுத்தெடுப்பார்கள். (நான் வறுபட்டிருக்கிறேன்.)

சட்டத்தில் அந்தக் கெடு எங்கே என்று தேடினேன். 1939இன் இந்தியப் பாதுகாப்புச் சட்டம், அதன் 75ஏ விதி. அரசு சொத்தைத் தற்காலிகமாகக் கைக்கொள்ளலாம். சுதந்திரத்துக்குப் பின் 1952இல் இதற்கென்று தனிச்சட்டம் வந்தது. கைக்கொண்ட சொத்தை விடுவிக்கும்போது நல்ல நிலையில் திருப்பித் தர வேண்டும் என்கிறது அதன் ஆறாவது பிரிவு. அடடா என்று அடுத்த பிரிவுக்குப் போனால், கைக்கொண்ட காலத்தில் அரசு தன் செலவில் அங்கே ஏதாவது கட்டியிருந்து, அதைக் காப்பாற்ற நினைத்தால், சொத்தை நிரந்தரமாகவே எடுத்துக்கொள்ளலாம். உன் வயலில் நான் கான்கிரீட் போட்டேன், கான்கிரீட் என்னுடையது, ஆகவே வயலும் என்னுடையது. இந்த இடத்தில் நான் லேப்டாப்பை மூடிவிட்டேன்.

இங்கிலாந்திலும் இதே சிக்கல் வந்தது. டார்செட்டில் கிரிச்சல் டவுன் என்ற இடத்தில் 725 ஏக்கரை, குண்டு போட்டுப் பழக 1938இல் விமான அமைச்சகம் வாங்கியது. தேவை முடிந்தால் இப்படிப்பட்ட நிலம் பழைய உரிமையாளர்களுக்கே திரும்பும் என்று 1941இல் சர்ச்சில் பார்லிமென்ட்டில் வாக்குக் கொடுத்தார். போர் முடிந்ததும் நிலம் விவசாய அமைச்சகத்துக்குக் கைமாறியது. குடும்பம் விடவில்லை. 1954இல் விவசாய அமைச்சர் தாமஸ் டக்டேல் ராஜினாமா செய்தார். மிஞ்சிய நிலத்தை முதலில் பழைய உரிமையாளரிடமே, அன்றைய சந்தை விலைக்கு, கேட்க வேண்டும் என்ற நடைமுறை அதன்பின் அங்கே வந்தது. இங்கே, 1997இல் கேரள வழக்கு ஒன்றில் நம் உச்ச நீதிமன்றம் நேர் எதிராகச் சொன்னது: மிஞ்சிய நிலம் பழைய உரிமையாளருக்குத் திரும்பாது, பொது ஏலம்தான்.

கிரிச்சல் டவுனைப் படித்துவிட்டு ரெண்டு நாள் ஜோராகத்தான் திரிந்தேன். திருப்பிக் கொடு, அவ்வளவுதானே. மறுபடி அங்கே போனபோது பெரியவரிடம் கேட்டேன்: "உங்களுக்கு இதுல நெலம் இருந்துச்சாங்கய்யா?"

சிரித்தார். "எங்களுக்கு ஏது நெலம்? எங்கப்பாரு இதுல ஏர் ஓட்டுனாரு. அப்புறம் இதுலயே கல்லு சொமந்தாரு. ரெண்டும் கூலிதான்."

திருப்பிக் கொடுத்தால் பட்டாவில் பெயர் இருந்தவரின் பேரனுக்குப் போகும். உழுதவரின் மகனுக்கு ஒரு சென்ட்டும் வராது. இதே மாவட்டத்தில் கல்வராயன் மலைக்கு ஏறினால் கதை இன்னும் சிக்கல். 1976 வரை அது ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. அதற்குப் பிறகுதான் அரசாங்கமே மேலே ஏறியது. தலைமுறை தலைமுறையாகத் தினை விதைத்தவனிடம் போய் 'பழைய உரிமையாளர் யார்' என்று கேட்டால், காட்ட அவனிடம் என்ன காகிதம் இருக்கும்?

ஆக, என் கெடு யோசனையில் பாதிதான் சரி. பூட்டைத் திறக்கலாம். திறந்ததும் யாரிடம் கொடுப்பது என்று பூட்டுக்குத் தெரியாது. கொடுக்க ஆள் குழப்பமாக இருக்கிறது என்பதற்காக அரசே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை.

உளுந்தூர்பேட்டைத் தளத்தை மறுபடி விமான நிலையம் ஆக்கலாம் என்ற பேச்சு அவ்வப்போது வரும். கிளம்பும்போது அதையும் அவரிடம் சொன்னேன்.

"வரட்டும் தம்பி" என்றார். "வேலி போடறதுக்கு முன்னாடி சொல்லச் சொல்லு. ஆட்ட வேற பக்கம் பழக்கணும்."