பூந்தமல்லிக் கணக்கு

எங்கள் வீட்டில் ஒரு வசனம் உண்டு. கல்யாணமோ கருமாதியோ, நாலு பேர் கூடினால் போதும். யாராவது ஒருத்தர் ஆரம்பித்துவிடுவார்: ‘‘அன்னிக்கு மட்டும் அந்த நிலத்தை விக்காம இருந்திருந்தா...’’

பூந்தமல்லிக்கு மேற்கே எங்களுக்கு ஒரு ஏக்கர் இருந்தது. 1994-ல் அக்கா கல்யாணத்துக்காக அப்பா விற்றார். இன்று அங்கே லிஃப்ட் வைத்த அடுக்குமாடி. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெருமூச்சு இருக்கும். அம்பத்தூர், ஆவடி பக்கம் என்றால் நிச்சயம் இருக்கும்.

அப்பா செய்தது தப்பா? இதற்குப் பதில் தேடப் போய், அதே பூந்தமல்லியில் இருந்த இன்னொருவரிடம் வந்து சேர்ந்தேன். பெயர் தாமர்ல ஐயப்ப நாயக்கர். அண்ணன் வெங்கடப்ப நாயக்கர் வந்தவாசியில் இருந்தார். விஜயநகரப் பேரரசு தேய்ந்துபோய்ப் பெயருக்கு மிச்சமிருந்த நேரம். அதன் கீழே இந்தச் சகோதரர்களுக்குச் சின்னதாக ஒரு ராஜ்யம். கடற்கரையும் அதில் சேர்த்தி.

1639-ல் ஆங்கிலக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இடம் தேடி வந்தார். ஐயப்பர் நடுவில் நின்று பேச, அண்ணன் மதராசப்பட்டினத்தை எழுதிக் கொடுத்தார். இரண்டு வருடத்துக்கு ஊரை ஆளும் அதிகாரம், நாணயம் அடிக்கும் உரிமை, துறைமுக வருமானத்தில் பாதி எல்லாம் கம்பெனிக்கு. கோட்டைகூட நாயக்கர் செலவில் என்று பேச்சு. மறு வருடம் வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கியதும் நாயக்கர் கையை விரித்துவிட்டார் என்பது வேறு கதை!

பதிலுக்கு அவர் எதிர்பார்த்தது என்ன? டே எழுதிய கடிதத்தில் இருக்கிறது. நாடு செழிக்க வேண்டும். காசு கொடுத்தால் பாரசீகக் குதிரை வர வேண்டும். வங்காளத்திலிருந்து வல்லூறு, குரங்கு, கிளி வாங்கிவர வருடம் ஒருமுறை ஆள் அனுப்ப வசதி வேண்டும். பக்கத்து ராஜாக்கள் தொல்லை கொடுத்தால் ஒதுங்க ஒரு கோட்டை வேண்டும். கூடவே ஓர் ஆசை: புது ஊருக்கு அப்பா சென்னப்ப நாயக்கரின் பெயர்.

‘கிளிக்கும் குரங்குக்கும் நாட்டை வித்துட்டானே’ என்று சிரிக்கத் தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. ஆனால், அவர் இடத்தில் நின்று பாருங்கள். வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரன், தெற்கே சாந்தோமில் போர்த்துகீசியன். இந்த இரண்டு பேர் சண்டையை நிறுத்தத்தான் ஐயப்பர் நடுவில் ஓர் ஊரை உண்டாக்கினார் என்று அவர் சகோதரர் அங்கபூபாலர் தெலுங்குக் காவியமே எழுதி வைத்திருக்கிறார். மூன்றாவதாக ஒரு வியாபாரியைக் கொண்டுவந்து உட்கார வைப்பது அன்றைய தேதிக்கு நல்ல புத்தி. பத்தே வருடத்துக்குள் கோல்கொண்டா படை வந்து நாயக்கர்களின் நாட்டையே விழுங்கியது. வியாபாரி மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான். இதை எந்த ஜோசியன் சொல்லியிருப்பான்?

நான் பி.காம். படித்தவன். மார்ச் 31-ல் மூடிய கணக்கை, பத்து வருடம் கழித்து விலை ஏறிவிட்டது என்று யாரும் திருத்துவதில்லை. தெரியாத நாளைக்காக ஒருவரைக் குற்றவாளியாக்குவது அநியாயம். நாயக்கருக்கும் இதே நியாயம், அப்பாவுக்கும் இதே நியாயம்.

இத்தோடு முடித்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஆனால், ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அந்தக் கடற்கரையில் மீனவர்கள் இருந்தார்களே, ஊரைக் கைமாற்றும்போது அவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? எதிர்காலம் நாயக்கருக்குத் தெரியாது, சரி. குப்பத்தில் ஆள் இருப்பது தெரியும்தானே?

எங்கள் நிலத்திலும் ஒருவர் இருந்தார். கீரை போட்டு வந்த பெரியவர். நான் போனால் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார். பத்திரப் பதிவு முடிந்த மறுநாள், பதினாலு வயதுப் பையனான என்னைத்தான் அப்பா அனுப்பினார்.

‘‘ரெண்டு நாள்ல காலி பண்ணிடச் சொன்னாரு.’’

பெரியவர் கோபப்படவில்லை. பாத்தியைக் காட்டி, ‘‘இந்த முளைக்கீரை மட்டும் பத்து நாள்ல வந்துடும் தம்பி’’ என்றார். நான் பதில் சொல்லாமல் சைக்கிளைத் திருப்பினேன். ஒரு வாரத்தில் பாத்தி இருந்த இடத்தில் மனைக் கற்கள்.

இத்தனை வருடம் எங்கள் குடும்பத்தில் யாரும் அந்தப் பத்து நாளைப் பற்றிப் பேசியதில்லை. விலையைப் பற்றி மட்டும்தான் பேசினோம், நான் உட்பட.

1996-ல் மெட்ராஸ் என்ற பெயர் போய், ஊர் முழுக்க ‘சென்னை’ ஆனது. சென்னப்பர் பெயரால் வந்தது என்று சொல்லப்படும் பெயர். பிள்ளைகளின் ஆசை நிறைவேறிவிட்டது. அன்று குப்பத்தில் இருந்த ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?

கீரைக்காரப் பெரியவரின் பெயர் எனக்கும் தெரியாது. கேட்டதே இல்லை.

அடுத்த விசேஷத்தில் யாராவது ‘‘அன்னிக்கு மட்டும்...’’ என்று ஆரம்பித்தால், முளைக்கீரையைப் பற்றிச் சொல்லப்போகிறேன். உங்கள் வீட்டு நிலத்தில் யார் இருந்தார்கள்? கொஞ்சம் விசாரித்துப் பாருங்களேன்.