மாற்றுக் கருத்து வெறுப்பாகுமா?

வெள்ளானூர் ஜும்ஆ பயான் – எழுத்து வடிவம்

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் வஸிய்யத் செய்கிறேன்.

போன வாரம் இஷா தொழுகைக்குப் பிறகு ஒரு தம்பி என்னிடம் வந்து உட்கார்ந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவர். அவரோடு வேலை செய்கிற ஒரு நண்பர், முஸ்லிம் அல்லாதவர், கேட்டாராம்: "நாங்க சாமி கும்பிடறது தப்புன்னுதானே உங்க மார்க்கம் சொல்லுது? அப்படின்னா மனசுக்குள்ள எங்கள வெறுக்கத்தானே செய்யறீங்க?" சண்டை போடுவதற்காகக் கேட்ட கேள்வி அல்ல. ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிற நண்பர், மனம் நொந்து கேட்டிருக்கிறார். நம் தம்பிக்குப் பதில் வரவில்லை. சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டார். "ஹஜ்ரத், நான் என்ன சொல்லியிருக்கணும்?" என்று கேட்டார். அவருக்கு அன்று முழுதாகச் சொல்ல முடியாததை இன்று உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

முதல் விஷயம், மழுப்ப வேண்டிய அவசியமே இல்லை. வணக்கத்திற்குரியவன் அல்லாஹ் ஒருவனைத் தவிர வேறு யாரும் இல்லை என்பது நம் ஈமான். நாகரிகத்துக்காக அதை மாற்றிச் சொல்ல முடியாது. சூரத்துல் காஃபிரூனில் அல்லாஹ் கற்றுக்கொடுத்தது என்ன? நீங்கள் வணங்குவதை நான் வணங்கமாட்டேன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, அவரவர் மார்க்கம் அவரவருக்கு என்று முடித்துவிடச் சொல்கிறான். அந்த சூராவில் ஒரு திட்டு கிடையாது, ஒரு சாபம் கிடையாது. எல்லை மட்டும்தான் இருக்கிறது. அந்த நண்பரும் நம்முடைய மார்க்கம் சரியில்லை என்றுதான் நினைக்கிறார், இல்லையென்றால் கலிமா சொல்லியிருப்பாரே! அதற்காக அவர் நம்மை வெறுக்கிறார் என்று நாம் சொல்கிறோமா?

அப்படியென்றால் வெறுப்பு எங்கே தொடங்குகிறது? இதற்கு மக்கா வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது.

நபித்துவத்தின் 7-ஆம் ஆண்டு. குறைஷிகள் கூடி ஒரு ஒப்பந்தம் எழுதினார்கள். பனூ ஹாஷிம், பனூ முத்தலிப் குடும்பத்தாருக்குப் பெண் கொடுக்கக் கூடாது, எடுக்கக் கூடாது. எதையும் விற்கக் கூடாது, வாங்கக் கூடாது. எழுதி, கஃபாவுக்குள் தொங்கவிட்டார்கள். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அபூதாலிப் கணவாயில் அந்தக் குடும்பங்கள் அடைபட்டுக் கிடந்தன. இலைதழைகளைத் தின்றார்கள். பசியில் குழந்தைகள் அழுத சத்தம் கணவாய்க்கு வெளியே கேட்டது என்று ஸீரா நூல்கள் சொல்கின்றன.

கவனியுங்கள். அதுவரை குறைஷிகளிடம் இருந்ததை மாற்றுக் கருத்து என்றாவது சொல்லிக்கொள்ளலாம். முஹம்மது சொல்வது எங்கள் முன்னோர்களின் வழிக்கு மாற்றமானது என்றார்கள், வாதாடினார்கள். ஆனால் அந்தத் தோலில் எழுதி மாட்டினார்களே, அதற்குக் கருத்து என்று பெயர் கிடையாது. ஒரு மனிதனின் சோற்றை, கல்யாணத்தை, வியாபாரத்தை நிறுத்துவது பகை.

இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது, நாம் அதிகம் பேசுவதில்லை. அந்தக் கணவாய்க்குள் இருந்தவர்களில் ஈமான் கொள்ளாதவர்களும் இருந்தார்கள். அபூதாலிப் அவர்களே கடைசி வரை கலிமா சொல்லவில்லை. ஆனால் தம் சகோதரர் மகனுக்காகப் பட்டினி கிடந்தார்கள். வெளியே இருந்து ராத்திரி நேரத்தில் ஒட்டகத்தில் உணவை ஏற்றி அந்தக் கணவாய்க்குள் விரட்டிவிட்டாரே ஹிஷாம் இப்னு அம்ர், அவர் அன்று முஸ்லிம் அல்ல. இந்த அநியாயம் போதும் என்று ஒப்பந்தத்தைக் கிழிக்கக் கிளம்பிய முத்இம் இப்னு அதீயும் முஸ்லிம் அல்ல. தாயிஃபிலிருந்து காயத்தோடு திரும்பிய நபி (ஸல்) அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்து மக்காவுக்குள் அழைத்து வந்தவரும் இதே முத்இம்தான். அவர் இஸ்லாத்தை ஏற்காமலேயே இறந்துபோனார். பிறகு பத்ரில் 70 பேர் கைதிகளாகப் பிடிபட்டபோது நபி (ஸல்) அவர்கள் அவரை நினைவுகூர்ந்தார்கள். முத்இம் இன்று உயிரோடு இருந்து இவர்களுக்காக என்னிடம் பேசியிருந்தால், அவருக்காக இவர்கள் எல்லோரையும் விட்டிருப்பேன் என்ற கருத்தில் சொன்னார்கள். புகாரியில் வருகிறது. அவருடைய கொள்கையை நபியவர்கள் ஏற்றார்களா? இல்லை. அவர் செய்த உபகாரத்தை மறந்தார்களா? அதுவும் இல்லை.

அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அவர்களின் தாயார் இணைவைப்பில் இருந்தவர். ஹுதைபிய்யா உடன்படிக்கைக் காலத்தில் மகளைப் பார்க்க மதீனா வந்தார். சேர்த்துக்கொள்ளலாமா என்று அஸ்மா (ரலி) கேட்டார்கள். உறவைப் பேணச் சொல்லி நபி (ஸல்) அவர்கள் உத்தரவிட்டார்கள். உமர் (ரலி) அவர்கள் தமக்குக் கிடைத்த பட்டாடையை மக்காவில் இருந்த, இஸ்லாத்தை ஏற்காத தம் சகோதரருக்கு அனுப்பிவைத்தார்கள். உமர் என்றாலே கடுமை என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

உங்களில் சிலர் மனதில் ஒரு கேள்வி ஓடும். "ஹஜ்ரத், அல்லாஹ்வுக்காக நேசிப்பது, அல்லாஹ்வுக்காக வெறுப்பது என்று ஹதீஸ் இருக்கிறதே?" இருக்கிறது. மறைக்க மாட்டேன். பாவத்தைப் பார்த்து மனம் கசக்கவில்லை என்றால் ஈமானில் கோளாறு. ஆனால் அந்தக் கசப்புக்குக் கடிவாளம் போட்டிருக்கிறான் அல்லாஹ். சூரத்துல் மாயிதாவின் 8-ஆம் வசனத்தைப் பாருங்கள். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவற உங்களைத் தூண்டிவிட வேண்டாம் என்கிறான். மனதில் ஒன்று வந்துவிடலாம், நாம் மனிதர்கள். அது கைக்கும் நாக்குக்கும் தராசுக்கும் இறங்கக் கூடாது.

ஸஹாபாக்களில் ஒருவர், நபி (ஸல்) அவர்களைச் சிரிக்க வைப்பவர். அவருக்குக் குடிப்பழக்கம் இருந்தது. திரும்பத் திரும்பப் பிடிபட்டார், தண்டனையும் பெற்றார். ஒருவர் பொறுக்காமல் அவரைச் சபித்துவிட்டார். நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சி சொன்னார்கள். குடியை ஹலாலாக்கவில்லை, தண்டனையை ரத்து செய்யவில்லை. அதே மூச்சில் அந்த மனிதரையும் விட்டுக்கொடுக்கவில்லை.

இன்று நம் வீட்டுப் பிள்ளை டாஸ்மாக் வாசலில் நின்றதாகக் கேள்விப்பட்டால் என்ன செய்கிறோம்? அந்தத் தாய் பட்டபாட்டைக் கேட்காமல், தெருமுனையில் நின்று கதை பேசுகிறோம். கடைத்தெருவில் திருநங்கைகள் வந்தால் நம் பிள்ளைகள் சிலர் கேலி பேசிச் சிரிக்கிறார்கள். கேட்டால், "அவங்க வாழ்க்கை முறையை நாங்க ஏத்துக்கலை" என்கிறார்கள். தம்பி, ஏற்காததைச் சொல்ல ஒரு முறை இருக்கிறது. நீ செய்தது கேலி. அதற்கு மார்க்கத்தின் பெயரைச் சூட்டாதே.

திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலை எல்லோரும் அறிவீர்கள். 1795-இல் கட்டப்பட்டது. ரமலானில் அங்கே இஃப்தாருக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். தலையில் துணி கட்டிக்கொண்டு, நோன்பாளிகளுக்கு ஓடி ஓடிப் பரிமாறுகிறவர்கள் மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்தி சகோதரர்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பணி நடக்கிறது. இதைத் தொடங்கிய தாதா ரத்தன்சந்த், பிரிவினை நேரத்தில் சிந்து மாகாணத்தை விட்டு அகதியாக வந்தவர். சொந்த மண்ணை இழந்து வந்த மனிதருக்கு நம்மை வெறுக்கக் காரணம் தேடினால் கிடைத்திருக்காதா? அவர்கள் நம் அகீதாவை ஏற்கவில்லை, நாம் அவர்களுடையதை ஏற்கவில்லை. கஞ்சிக் கிண்ணம் மட்டும் நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சரியாக வந்துவிடுகிறது.

நம் நாட்டு அரசியலிலும் ஒன்றைச் சொல்லலாம். ராஜாஜி ஆழ்ந்த பக்தர், பெரியார் கடவுளே இல்லை என்றவர். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைப் பெரியார் எதிர்த்தது போல் யாரும் எதிர்த்திருக்க மாட்டார்கள். 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது, 93 வயதுப் பெரியார் இறுதிச் சடங்குக்கு வந்து கண்ணீர் விட்டார். இருவருமே நம் மார்க்கத்தார் அல்ல. ஆனாலும் இதைப் பார்த்து நாம் வெட்கப்பட வேண்டியிருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

இந்த மஹல்லா புதிது. பிளாட் வாங்கி, வீடு கட்டி, பல ஊர்களிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறோம். ராமநாதபுரம் பக்கத்துக்காரர் ஷாஃபிஈ, ஃபஜ்ரில் குனூத் ஓதுவார். வேலூர் பக்கத்துக்காரர் ஹனஃபி, ஓதமாட்டார். ஒருவர் ஆமீனைச் சத்தமாகச் சொல்வார், இன்னொருவர் மெதுவாக. ஒருவர் தராவீஹ் 20 என்பார், ஒருவர் 8 என்பார். ஒருவர் கந்தூரிக்குப் போவார், ஒருவர் அதைத் தவறு என்பார். இதில் சரி தவறு இல்லை என்று நான் சொல்லவில்லை. எனக்கும் ஒரு நிலைப்பாடு உண்டு, கேட்டால் ஆதாரத்தோடு சொல்வேன். ஆனால் இதற்காக ஸலாமை நிறுத்துகிறோமே, கல்யாணப் பத்திரிகையை வாங்காமல் திருப்பி அனுப்புகிறோமே, இது எந்த ஒப்பந்தத் தோலில் எழுதியது?

சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் நான் இமாமாக இருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். ஒரு வீட்டில் பெரியவர் வஃபாத் ஆகிவிட்டார். அந்த வீட்டுப் பிள்ளைகள் வேறு கொள்கைக்குப் போய்விட்டார்கள் என்பதற்காக, பள்ளியில் இருந்த சந்தூக்கைக் கொடுக்க முடியாது என்று சிலர் தகராறு செய்தார்கள். லுஹருக்கு எடுக்க வேண்டிய மய்யித், அஸர் தாண்டி வீட்டிலேயே கிடந்தது. கடைசியில் பக்கத்து ஊரிலிருந்து சந்தூக் வந்தது. அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? என் ஹுஜ்ராவில் உட்கார்ந்திருந்தேன். வேலை போய்விடுமோ என்ற பயம். கொள்கையில் அந்தப் பிள்ளைகளோடு எனக்கும் உடன்பாடில்லை என்பதையே எனக்குச் சமாதானமாகச் சொல்லிக்கொண்டேன். முத்இம் இப்னு அதீக்கு இருந்த துணிவு, கிதாபு ஓதிய எனக்கு இல்லை. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

பனூ குறைழாவுக்குப் போய்த்தான் அஸர் தொழ வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் ஸஹாபாக்களை அனுப்பினார்கள். வழியில் நேரம் வந்துவிட்டது. சிலர், சீக்கிரம் போகச் சொன்னதுதான் நோக்கம் என்று வழியிலேயே தொழுதார்கள். சிலர், சொன்ன சொல்படி அங்கே போய்த்தான் தொழுதார்கள். இரு தரப்பையும் நபி (ஸல்) அவர்கள் கண்டிக்கவில்லை. வழியில் தொழுதவரைப் பார்த்து மற்றவர், நீ போகிற பாதையில் நான் வரமாட்டேன் என்று திரும்பிப் போகவும் இல்லை. எல்லோரும் ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

முஸ்லிம்களுக்கு வாடகைக்கு வீடு இல்லை என்று சென்னையில் சில இடங்களில் சொல்கிறார்கள். நமக்கு எவ்வளவு வலிக்கிறது! அது கருத்து அல்ல, ஒதுக்கல்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் நம்மில் வீடு வைத்திருக்கிறவர்கள், "அவர் எந்த ஜமாஅத்?" "அவங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டுவிட்டுச் சாவி கொடுக்கிறோமே, அல்லாஹ்விடம் என்ன பதில் சொல்வோம்?

மறுபக்கமும் நியாயமாக இருங்கள். பெருநாள் பிரியாணியைப் பக்கத்து வீட்டு அக்கா வாங்கவில்லை, அவர்கள் சைவம். அது வெறுப்பா? பழம் வாங்கிக் கொடுங்கள், சிரித்துக்கொண்டே வாங்குவார்கள். அவர்கள் சாமிக்குப் படைத்ததைத் தரும்போது, "அக்கா, படைச்சது நாங்க சாப்பிடறதில்ல, படைக்காததா இருந்தா கொடுங்க" என்று முகம் மலரச் சொல்லுங்கள். வாங்கிவிட்டுப் பின்வாசல் வழியாகக் கொட்டாதீர்கள். அந்த அக்காவுக்கு உங்கள் மறுப்பு புரியும். கொட்டியதைப் பார்த்தால்தான் நெஞ்சு உடையும்.

அந்தத் தம்பி இப்போது இரண்டாவது ஸஃப்பில் உட்கார்ந்திருக்கிறார். தம்பி, திங்கட்கிழமை உங்கள் நண்பரிடம் போய், "ஆமாம், நாம ரெண்டு பேரும் நம்பறது வேற வேறதான். உனக்கு ஒண்ணுன்னா முதல்ல வந்து நிக்கிறது நானாத்தான் இருக்கும்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, நிற்கவும் வேண்டும்.

கடைசியாக ஒரு அறிவிப்பு. நம் மஹல்லாவில் முன்பு தொழுது வந்து, கருத்து வேறுபாட்டால் வேறு பள்ளிக்குப் போய்விட்ட ஒரு சகோதரர் மருத்துவமனையில் இருக்கிறார். பெயரை மைக்கில் சொல்ல விரும்பவில்லை, பலருக்குத் தெரியும். அஸர் தொழுதுவிட்டு நானும் முத்தவல்லியும் பார்க்கப் போகிறோம். ஆட்டோ சொல்லியிருக்கிறோம். அவரோடு அன்று வாக்குவாதம் செய்தவர்கள் யாராவது வருவதாக இருந்தால், அவர்களுக்கு முதலில் இடம்.

யா அல்லாஹ்! அந்தச் சகோதரருக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக. எங்கள் ஈமானையும் காப்பாற்று, எங்கள் கைகளால் யாருடைய ஹக்கும் பறிபோகாமலும் காப்பாற்று. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.