சாவா மூவா முதல்

தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தாவிளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள் வேண்டும். இல்லையென்றால் 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர்கள் விளக்கொன்றுக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்தாக வேண்டும் என்று முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் சொல்கின்றன. இவ்வாறு விடப்பட்ட மந்தைக்குச் சோழர் காலத்தில் வழங்கிய பெயர் 'சாவா மூவாப் பேராடு'.

ஆடு சாகாதா? சாகும். மழை பொய்க்கும், நோய் வரும். ஆனால் கணக்கில் 96 குறையாது, நெய்யும் குறையாது. செத்ததற்குக் குட்டியை வளர்த்து ஈடுகட்டுவது இடையர் பாடு. குட்டி போடும் உயிர், இந்த ஏற்பாட்டுக்குள் வந்ததும் காசாகிவிடுகிறது.

காசும் அதே கோயிலிலிருந்து ஊர்ச்சபைகளுக்குப் போனது. பொலிசை, அதாவது வட்டி, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, நூற்றுக்குப் பன்னிரண்டரை. கொடுத்தது இறைவனின் பண்டாரம். வந்த பொலிசை பூசைக்கும் விழாவுக்கும் போனது. அந்த நோக்கத்தின் தூய்மையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. கேள்வி வேறு: வாங்கியவருக்கு என்ன நேர்ந்தாலும் கொடுத்தவரின் முதலுக்கு மட்டும் சாவில்லை என்பது அறமாகுமா?

உலகச் சமயங்கள் இதோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியிருக்கின்றன. யூதர்களின் உபாகமம், சகோதரனிடம் வட்டி வாங்காதே என்றது. அந்நியனிடம் வாங்கலாம் என்றும் சொன்னது. பணம் பணத்தைப் பெறுவது இயற்கைக்கே மாறானது என்றார் அரிஸ்டாட்டில். 1179இல் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம், வெளிப்படையாக வட்டித் தொழில் செய்பவர்களுக்கு நற்கருணையையும் கிறிஸ்தவ அடக்கத்தையும் மறுத்தது. மனுவோ மாத வட்டியை நூற்றுக்கு இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று வருணப்படி ஏற்றிக்கொண்டே போனார். எளியவருக்கே அதிக வட்டி! அதை எந்த விளக்கத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

இவற்றுள் கேள்வியின் வேரைத் தொட்டது இஸ்லாமிய மரபுதான். குர்ஆன் வியாபாரத்தை அனுமதித்து வட்டியை விலக்கியது. கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை பொறுக்கவும் சொன்னது. இஸ்லாமியச் சட்டத்தில் வளர்ந்த 'முளாரபா' என்னும் கூட்டில் ஒருவர் முதல் போடுகிறார், மற்றவர் உழைக்கிறார். லாபத்தைப் பேசிய பங்குப்படி பிரித்துக்கொள்வார்கள். நட்டம் வந்தால் பணம் போனது முதலாளிக்கு, உழைப்பு போனது உழைத்தவருக்கு. இங்கே ஆடு செத்தால் இருவருக்கும் வலிக்கும்.

மனுவின் நூலிலேயே இன்னொரு விதி இருக்கிறது: வட்டி சேர்ந்து சேர்ந்து, அசலோடு கூட்டினால் அசலின் இருமடங்கைத் தாண்டக்கூடாது. 'தாம்துபத்' என்று பின்னாளில் நீதிமன்றங்கள்வரை வந்த கொள்கை இது. ராஜாஜி முதல்வராக இருந்தபோது வந்த 1938ஆம் ஆண்டு சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்திலும் இதன் சாயல் உண்டு. அசலின் இருமடங்கை எந்த வகையிலாவது கட்டிவிட்ட விவசாயியின் பழைய கடன், அசலோடு சேர்த்தே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. சாவா மூவா முதலுக்கு ஒரு சாவு நாள் குறித்த சட்டம் அது.

அதன் பிறகும் வட்டி புதுப்புதுப் பெயர்களில் பிறந்துகொண்டே இருந்தது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, மணி நேர வட்டி, தண்டல் என்று தெருவில் புழங்கிய சொற்களையே 2003இல் தமிழ்நாட்டின் அதீத வட்டித் தடைச் சட்டம் பெயர் சொல்லித் தடுத்தது. கடன் வாங்கியவரோ அவர் குடும்பத்தாரோ தற்கொலை செய்துகொண்டால், அதற்குச் சற்று முன்பு அவர்கள் துன்புறுத்தப்பட்டிருந்தால், மாறாக நிரூபிக்கப்படும்வரை கடன் கொடுத்தவரே தூண்டியவர் என்று கொள்ளவும் அது வழிசெய்கிறது.