நல்லது கெட்டதுக்கு நாலு பேர்

யாராவது ஒதுங்கி வாழ்ந்தால் எங்கள் ஊரில் முதலில் கேட்பது, "நாளைக்கு நல்லது கெட்டதுக்கு நாலு பேர் வேணாமா?" என்பதுதான். அந்த நாலு பேர் யார் என்று விளக்க வேண்டியதில்லை. பங்காளி, மாமன் மச்சான், சாதிசனம், தெருக்காரர்கள். பிறக்கும்போதே கூட வந்தவர்கள். அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு சிற்றூருக்குக் குடிவந்து, அவர்கள் எல்லாரும் கடலுக்கு அப்பால் போன பிறகுதான் எனக்கு இந்தக் கேள்வி வந்தது: பிறப்பால் வராத நாலு பேர் ஒருவருக்குக் கிடைப்பார்களா?

தேடிப்போன இடம் ஒரு யூனிடேரியன் சபை. திரித்துவத்தை ஏற்காமல், கடவுள் ஒருவரே என்று சொல்லிக் கிறிஸ்தவத்துக்குள்ளிருந்து கிளைத்தவர்கள் இவர்கள். 1568இல் திரான்சில்வேனியாவின் தோர்தா நகரில் கூடிய சட்டமன்றம், போதகர்கள் தாம் உணர்ந்தபடி போதிக்கலாம், அதற்காக யாரையும் துன்புறுத்தக்கூடாது என்று அறிவித்தது. அதற்குத் துணைநின்ற யூனிடேரியன் போதகர் ஃபெரென்ஸ் டேவிட் 1579இல் சிறையில் இறந்தார், அதுவும் தன் நம்பிக்கைக்காகவே. அமெரிக்காவில் இவர்கள் 1961இல் யூனிவர்சலிஸ்டுகள் என்ற இன்னொரு பிரிவோடு இணைந்தார்கள். இன்று எல்லாரும் எழுந்து நின்று சொல்லவேண்டிய விசுவாசப் பிரமாணம் எதுவும் கிடையாது. கடவுளை நம்புகிறவர், நம்பாதவர், பௌத்த தியானம் செய்கிறவர் எல்லாரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

எங்களுக்குப் போதகர் இல்லை. பத்துப் பேர் சேர்ந்தால் போதும், போதகர் இல்லாமலே சபை நடத்தலாம் என்று 1948இல் யூனிடேரியன்கள் ஒரு திட்டம் தொடங்கினார்கள். கொலராடோவின் போல்டர் நகரில் முதல் சபை அமைந்தது. எங்களுடையதும் அந்த வழியில் வந்ததுதான். ஞாயிறன்று பேசுவது, பியானோ வாசிப்பது, காபி போடுவது, பனியை வாரிக் கொட்டுவது எல்லாம் நாங்களே. ஒரு குடும்பம் வேலை மாறி வேறு ஊர் போனால் பாட்டுக்குழுவில் பாதி போய்விடும்.

வழிபாட்டின் நடுவே மணல் நிரப்பிய ஒரு பெரிய கிண்ணம் வரும். மனதில் சந்தோஷமோ பாரமோ இருப்பவர் எழுந்துபோய் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி அந்த மணலில் நட்டு, விரும்பினால் ஒரு வார்த்தை சொல்லலாம். பேத்தி பிறந்திருக்கிறாள், ஸ்கேன் முடிவுக்குக் காத்திருக்கிறேன் என்பார்கள். ஒன்றும் சொல்லாமல் ஏற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறவர்களும் உண்டு. யாரும் தூண்டித் துருவ மாட்டார்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். பாட்டுகளில் கடவுள் என்ற சொல்லே வேண்டாம் என்று ஆண்டுக் கூட்டந்தோறும் வாதாடுவார். எதிர்த்துப் பேசுவது எப்போதும் ஒரே அம்மாள், தினமும் ஜெபிக்கிறவர். அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தபோது யார் எந்த நாள் சாப்பாடு கொண்டுபோவது என்று பட்டியல் போட்டோம். நான் பருப்புச் சாதம் கொண்டுபோன மதியம் அந்த எலக்ட்ரீஷியனும் சூப்போடு வந்திருந்தார். மூன்று பேருக்கும் ஊற்றினார். அம்மாள் கண்ணை மூடினார். அவருடைய ஜெபம் சுருக்கமாக முடியாது. சூப் ஆறிக்கொண்டிருந்தது. எலக்ட்ரீஷியன் கரண்டியைத் தொடாமல், கைகளை மடியில் வைத்தபடி, "ஆமென்" வரும்வரை உட்கார்ந்திருந்தார். அடுத்த கூட்டத்தில் மறுபடியும் அதே வாதம், அதே சூட்டோடு.

சிறிய கூட்டத்தின் பலமும் பாரமும் இதுதான் என்று நினைக்கிறேன். பெரிய கோயிலிலோ தேவாலயத்திலோ பிடிக்காதவர் பக்கம் போகாமல் ஒரு ஆயுளைக் கழித்துவிடலாம். இங்கே முடியாது. கூரைக்கா பியானோவுக்கா என்று பண விஷயத்தில் ஓட்டெடுப்பு நடந்து, தோற்ற ஒருவர் வருவதையே நிறுத்திவிட்டார். அவர் போன இடம் இன்னும் காலியாகத்தான் தெரிகிறது.

சென்னையில், புரசைவாக்கத்தில், இப்படி ஒரு சிறு கூட்டம் இருந்தது என்று பிறகு படித்தேன். வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர் வீட்டு வேலைக்காரராக இங்கிலாந்து போய், யூனிடேரியன் எழுத்துகளைப் படித்துத் திரும்பி, 1795இல் அந்தச் சபையைத் தொடங்கினார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் சாதிசனம் வந்து நின்றால்தான் உண்டு என்ற காலத்தில் அந்தச் சிலருக்கு யார் துணைநின்றிருப்பார்கள் என்று அடிக்கடி யோசிப்பேன். பெரும்பாலும் ஒருவருக்கொருவர்தான் நின்றிருக்க வேண்டும்.

பிறப்பால் வரும் நாலு பேரை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் அப்பாவைத் தூக்கிச் சென்ற தோள்கள் அவர்களுடையவை. ஆனால் அதே நாலு பேர்தான் காதலித்துக் கட்டிய பெண்ணை வாசற்படி ஏறவிடாமல் தடுத்ததையும் பார்த்திருக்கிறேன். விலகிப் போக வழி இருந்தும் வருகிறவர்களுக்கு அப்படித் தடுக்கும் அதிகாரம் இல்லை. நாளைக்கே வராமலும் போகலாம். எனக்கு அந்த நிச்சயமின்மையே மேல்.

என் இறுதிக் காரியத்தை யார் நடத்துவது என்று எழுதிவைத்த தாளில் தம்பி பெயருக்குக் கீழே சபையின் பெயரையும் சேர்த்திருக்கிறேன். தம்பிக்கு அதில் வருத்தம். போனில் பேசிக்கொண்டிருக்கிறோம்.