அப்பா போட்ட கையெழுத்து

1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. அதிலிருந்து 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால், இங்கே பிறந்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாம், கொடுக்காவிட்டால் இந்தியர். 18 வயது நிரம்பாத, மணமாகாத பிள்ளைகளுக்கு அப்பா வைத்ததுதான் சட்டம். படித்துத் தெரிந்துகொண்ட விஷயம் இது. ஒரு வீட்டுக்குள் புகுந்து அது என்ன செய்தது என்பதை ரெட்டியார்பாளையத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் கேட்டேன்.

விழுப்புரம் சாலையில் மழைக்கு ஒதுங்கியிருந்தோம். பக்கத்தில் இருந்த பெரியவருக்கு எண்பது இருக்கும். கடைப் பையன் "சொல்தா தாத்தா" என்று கூப்பிட்டுக் கண்ணாடி டம்ளரை நீட்டினான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களுக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். இந்தோசீனாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போனது ஒரு தலைமுறை. இவர் அதற்கு அடுத்தவர். 1970இல் ஆப்பிரிக்காவில், சாட் நாட்டுப் பாலைவனத்தில் இருந்திருக்கிறார். இன்றைய எஞ்சமேனாவுக்கு அப்போது ஃபோர்ட் லாமி என்று பெயர்.

"எத்தனை பேரைச் சுட்டிருக்கீங்க தாத்தா?" என்று ஒரு இளைஞர் கேட்டார். பெரியவர் டீயை ஆற்றிக் குடித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அங்க இருந்தப்பதான் தம்பி எங்கம்மா செத்துப்போச்சு" என்றார்.

ஒரே மனையில் இரண்டு வீடு. அப்பா எழுதிக் கொடுத்தார், சித்தப்பா கொடுக்கவில்லை. "நடுவுல ஒரு சுவருதான். இந்தப் பக்கம் பிரான்சு, அந்தப் பக்கம் இந்தியா." அப்போது இவருக்கு 16 வயது, சித்தப்பா மகனுக்கும் அதே வயது. இவர் ராணுவத்துக்குப் போனார், அவர் மில்லுக்குப் போனார். அம்மாவுக்கு இவர் ஒரே பிள்ளை. செய்தி பாலைவனத்துக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கொள்ளி வைத்தது சித்தப்பா மகன்.

பிறகு அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. விறகு இவ்வளவு, பாடைக்கு மூங்கில் இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு, பாலுக்கு இவ்வளவு என்று பக்கம் முழுக்கக் கணக்கு. அடியில் ஒரு வரி: பணம் அனுப்ப வேண்டாம்.

"வேண்டாம்னா கணக்கு எதுக்குங்க ஐயா?" என்றேன்.

"என்னென்ன செஞ்சான்னு எனக்குத் தெரிய வேணாமா?"

அந்தக் கணக்கை ஒவ்வொன்றாக எனக்குச் சொன்னார். விறகின் விலைகூட மறக்கவில்லை.

ஒருவருடைய வாழ்க்கை சாதாரணமானதல்ல என்று தெரிந்ததும் நம் கண் துப்பாக்கியைத்தான் தேடுகிறது. அவர் துப்பாக்கியும் பிடித்தவர்தான். ஆனால் இத்தனை வருஷமாக நெஞ்சில் வைத்திருப்பது ஒரு விறகுக் கணக்கை. நாமாக ஒன்றைக் கேட்டு வாங்காமல் சும்மா உட்கார்ந்திருந்தால் அதுவாக வெளியே வருகிறது. அந்த 6 மாதத்தில் தாங்களே கையெழுத்துப் போட்டவர்களும் போடாமல் விட்டவர்களும் இன்று எண்பதைத் தாண்டுகிறார்கள். இன்னும் கொஞ்ச காலத்தில், அந்த முடிவை எடுத்தவர் வாயால் கேட்க ஆள் இருக்காது. எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது.

அப்பா செய்தது சரியா என்று கேட்டேன். தயங்காமல் சொன்னார்: "சோறு போட்டுச்சு. பிள்ளைங்க பாரீசுல நல்லா இருக்காங்க. அம்மாவுக்குக் கொள்ளி வைக்க விடல. எல்லாம் அந்த ஒரு கையெழுத்துதான்."

ஒன்றைக் காட்டி இன்னொன்றைச் சமாதானப்படுத்த அவர் முயலவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. தன்னைக் கேட்காமல் எடுத்த முடிவுக்காக அப்பாவைத் திட்டியே காலம் கழிப்பவர்கள் உண்டு. எல்லாம் நன்மைக்கே என்று மூடிவிடுபவர்களும் உண்டு. இவர் வரவையும் இழப்பையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு, தன் முறை வந்தபோது தன் முடிவைத் தானே எடுத்தார். 15 வருஷ சர்வீஸ், பென்ஷன், அதன் பிறகு பிரான்சிலேயே இருந்திருக்கலாம். ரெட்டியார்பாளையத்துக்கே திரும்பிவிட்டார்.

பிள்ளைகள் கூப்பிட்டால் பாரீசுக்குப் போய்வருகிறாராம். அம்மா திதிக்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்பது மட்டும் கண்டிஷன். திதியைச் சித்தப்பா மகன் வீட்டில்தான் கொடுக்கிறார்கள், இரண்டு பேரும் சேர்ந்து. செலவு பாதிப் பாதி.