விலைப்பட்டவரும் ஊராரும்

பிறவிகளுள் மானிடப் பிறவியே கிடைத்தற்கரியது என்பது சைவ மக்களின் நம்பிக்கை. அப்பிறவியை விலை பேசுவது எத்துணை கொடிது என்பதை யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகள் நன்கறியும். நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்களின் 'அரிச்சந்திர மயான காண்டம்' விடிய விடிய நடந்த காலத்தில், காசியிலே விலைப்பட்ட சந்திரமதி, பாம்பு தீண்டி இறந்த மகனோடு சுடலைக்கு வரும் கட்டத்தில் கண் கலங்காதவர் அரிது. அவளை விற்றவன் கட்டிய கணவனே. ஆயினும், "நீ ஏன் விலைப்பட்டாய்?" என்று சபையில் எவரும் கேட்டதில்லை.

இன்று, வெளிநாட்டில் ஏமாற்றப்பட்டு, சம்பளமும் இன்றி, கடவுச்சீட்டும் பறிக்கப்பட்டு ஊர் திரும்பும் பெண்ணிடம் அக்கேள்விதான் முதலில் கேட்கப்படுகிறது. "ஆர் உன்னைப் போகச் சொன்னது?" ஆண்களும் இதற்கு விலக்கல்லர். தாய்லாந்தில் கணினி வேலை என நம்பிச் சென்ற இலங்கை இளைஞர் பலர் மியன்மாரின் மியாவதிப் பகுதியில் அடைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யுமாறு வற்புறுத்தப்பட்டனர். 2024 இல் அவர்களுட் பலர் மீட்கப்பட்டபோதும், பேராசையால் போனவர்கள் என்றே சிலர் பேசினர்.

விரும்பித்தானே போனார்கள் என்பது இவர்களின் வாதம். வஞ்சித்துப் பெற்ற சம்மதம் சம்மதமாகாது என்று ஐக்கிய நாடுகளின் ஆட்கடத்தல் தொடர்பான 2000 ஆம் ஆண்டு உடன்பாடு தெளிவாகக் கூறுகிறது. இலங்கை அதனை 2015 இல் ஏற்றது. வீட்டு உறுதியை அடைவு வைத்து, வட்டி கட்ட வழியின்றி நிற்கும் ஒரு தாயின் 'விருப்பம்' எத்தகையது என்பதற்குச் சட்டமும் தேவையில்லை.

இப்பழிச்சொல்லால் இன்னுமொரு கேடு விளைகிறது. வெட்கத்தால் வந்தவள் வாய் மூடுகிறாள். அவளை அனுப்பிய உப முகவரோ, பெரும்பாலும் அறிமுகமானவரே, அடுத்த வளவுக்குச் செல்கிறார்.

புறப்படுமுன் முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் விசாரிக்கலாம். ஒப்பந்தத்தின் பிரதியை வீட்டில் வைக்கலாம். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகாதே எனத் தடுக்கலாம். இவற்றை மாதர் சங்கமும் சனசமூக நிலையமும் செய்யக்கூடும். திரும்பி வந்தவளை அன்னதானத்துக்கு மரக்கறி வெட்ட அழைப்பதற்கோ எச்சங்கமும் வேண்டியதில்லை. பூமாலை கட்டும் பெண்கள் சற்று ஒதுங்கி அவளுக்கும் இடம் விட்டால், கேளாமலே அந்த முகவரின் பெயரை அவள் சொல்லிவிடவும் கூடும்.