வைரசின் கூர்ப்பும் மனிதனின் பொறுப்பும்

கொள்ளைநோய் பரவுங் காலங்களிற் சமுதாயம் எழுப்பும் முதல் வினா, "குற்றவாளி யார்?" என்பதாகும். 2020ஆம் ஆண்டு ஒக்ரோபரில், பேலியகொடை மீன்சந்தையோடு தொடர்புடைய கொவிட்-19 தொற்று கொழும்பு நகரெங்கும் பரவியபோது, கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் முதலிய பொலிஸ் பிரிவுகளில் தனிமைப்படுத்தல் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. அவ்வேளை பலர் கண்ட விடை ஓர் இடத்தின் பெயராகவே அமைந்தது. கொட்டாஞ்சேனையில் வசிப்பவர் என்பதே ஒருவரை ஐயத்துடன் நோக்கப் போதுமானதாயிற்று. அவ்விடை அறிவியலுக்கும் அறத்துக்கும் ஒவ்வுமா என்பது ஆராயற்பாலது.

வைரசு தானாகப் பெருகும் ஆற்றலற்றது. உயிருள்ள கலத்தினுட் புகுந்தே தன்னைப் பிரதிசெய்கின்றது. கொவிட் வைரசின் பரம்பரைச் செய்தி ஏறத்தாழ 30,000 எழுத்துகளைக் கொண்ட ஆர்.என்.ஏ. இழையாகும். ஏட்டுச்சுவடிகளைப் பெயர்த்தெழுதியோரின் கைப்பிழையாற் பாடபேதங்கள் தோன்றியமை தமிழ் மாணவர் அறிந்ததே. அவ்வாறே இவ்விழை பிரதியாகும்போதும் பிழைகள் நேர்கின்றன. அவற்றைத் திருத்தும் நொதியம் ஒன்று வைரசிடம் இருப்பினும் சில பிழைகள் எஞ்சிவிடுகின்றன. இவையே விகாரங்கள் எனப்படுவன. இவற்றுட் பல பயனற்றவை. சில வைரசுக்கே கேடானவை. பரவலை எளிதாக்கும் ஒன்றிரண்டு மாத்திரம் இயற்கைத் தேர்வினால் நிலைபெறுகின்றன. இதில் நோக்கமுமில்லை, பகையுமில்லை. தற்செயலும் தேர்வுமே கூர்ப்பை நடத்துகின்றன.

இலங்கையின் இரண்டாம் அலையிற் பெரிதும் காணப்பட்ட பி.1.411 என்னும் வழியை, 2021இல் அல்பாவும் அதன்பின் டெல்டாவும் பின்தள்ளின. டெல்டா 2021 யூன் மாதத்திற் கொழும்பின் தெமட்டகொடையிற் கண்டறியப்பட்டது. ஓகஸ்ற் 20 முதல் ஒக்ரோபர் 1 வரை நாடே முடக்கப்பட்டது. எனினும் டெல்டாவைத் தோற்றுவித்தது தெமட்டகொடையன்று. அது முதலிற் கண்டறியப்பட்ட நாடு இந்தியா. அதனால் இந்தியாவும் குற்றவாளியாகிவிடாது. இடப்பெயர்கள் பழிப்பெயர்களாவதைத் தவிர்க்கும்பொருட்டே உலக சுகாதார நிறுவனம் 2021 மே 31இல் திரிபுகளுக்குக் கிரேக்க எழுத்துகளைப் பெயராக அறிவித்தது.

எந்த உடலில், எந்தக் கணத்தில் ஒரு விகாரம் தோன்றிற்று என்பதை அறிதல் பெரும்பாலும் இயலாது. ஆகவே தனியொருவர்மீது குற்றஞ் சுமத்துவதற்கு இடமில்லை. ஆனால் குற்றம் வேறு, பொறுப்பு வேறு. குற்றம் நடந்து முடிந்ததை நோக்குவது. பொறுப்பு நடக்கவிருப்பதை நோக்குவது. ஒவ்வொரு தொற்றும் விகாரத்துக்குப் புதிய வாய்ப்பாதலின், தொற்றைக் குறைத்தல் அனைவரதும் கடனாகின்றது.

எனினும் அக்கடன் அனைவருக்கும் சமமானதா? "செய்தல் வேண்டும்" என்பது "செய்தல் இயலும்" என்பதைத் தன்னுட் கொண்டது என்பர் மெய்யியலாளர். வெள்ளவத்தையின் தொடர்மாடி வீடொன்றிற் கதவை மூடிக்கொண்டு மாதச் சம்பளத்துடன் இருப்பவருக்குத் தனிமை ஓர் அசௌகரியம். கொட்டாஞ்சேனையின் நெருங்கிய குடியிருப்பிற் பல குடும்பங்களுடன் குழாயையும் மலகூடத்தையும் பகிர்ந்து, அன்றாடக் கூலியில் வாழ்பவருக்கோ அது நிறைவேற்றவியலாத கட்டளை. வெள்ளவத்தைக் கடையிற் பணிபுரிந்து, நெரிசலான விடுதி அறையில் உறங்கும் இளைஞனின் நிலையும் இதுவே. இயலாததைச் செய்யாமைக்காக ஒருவரைப் பழித்தல் அறமாகாது.

இவ்வாறு கூறின் தனிமனித ஒழுக்கமே தேவையற்றதாகிவிடாதா என வினவலாம். அவ்வாறன்று. நோய்க்குறியை அறிந்தும், வீட்டில் தங்கும் வசதியிருந்தும், திருமண விருந்துக்குச் செல்பவரின் பொறுப்புக் குறைவதில்லை. ஆற்றல் மிகுந்தோறும் கடனும் மிகுகின்றது. இவ்வளவுகோல் தனிமனிதருக்கு மாத்திரமன்றி நகருக்கும் அரசுக்கும் உரியது. தெருவை அடைப்பவர்கள், அடைக்கப்பட்ட வீட்டின் அடுப்பெரிய வழிசெய்தலும் வேண்டும். பட்டினி ஒருவரை வெளியே துரத்துமாயின், அடைப்பின் நோக்கமே தோற்றுவிடும்.

வைரசு பிரிவெல்லைகளை அறியாது. கொட்டாஞ்சேனையிற் பெருகுவது வெள்ளவத்தையை அடையத் தடையில்லை. ஆயினும் தன்னலத்தை முன்னிட்டு அயலவரைக் காத்தல் அறத்தின் தொடக்கமேயன்றி முடிவன்று. நோயின் அச்சம் நீங்கிய பின்னரும், பல குடும்பங்களுக்கு ஒரு குழாய் என்னும் நிலை ஒருவரது மனத்தை உறுத்துமாயின், அவரே கொள்ளைநோயிலிருந்து பாடங் கற்றவராவார்.